ரயில் அறைக்கு முதல் குடும்பம்

கோழியை அடைத்து வைப்பது எங்கள் வேலையில் புதிதல்ல. கட்டிடம் கட்டும்போது ஆள் யாராவது விழுந்து செத்துப்போனால், பால் காய்ச்சுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி உள்ளே உயிரோடு ஒரு கோழியைக் கட்டிப்போட்டு வருவார்கள். உள்ளே என்ன இருக்கிறதோ அது கோழி மேல் ஏறிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. விடிந்ததும் கோழியைத் தூக்கிக்கொண்டு போய் எல்லைக்கு அப்பால் விட்டுவிடுவார்கள். எவனும் அதை அறுத்துத் தின்ன மாட்டான். நானே இரண்டு தடவை அப்படிக் கொண்டுபோய்ப் பருத்திக் காட்டில் விட்டிருக்கிறேன்.

அதனால் கல்யாணசுந்தரி அம்மா என்னைக் கூப்பிட்டு, "பெருமாள்சாமி, ஒனக்கு ரெண்டு சின்னப் பிள்ளைய இருக்குல்லா?" என்று கேட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று பிற்பாடு சொல்லிக்கொள்ள எனக்கு வழி இல்லை.

அந்த அம்மா எங்கள் முதலாளியின் வீட்டுக்காரி. அவர்களுக்குக் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிறது. கயத்தாறு போகிற நாலுவழிச் சாலையில் புதிதாக ஓட்டல் கட்டினார்கள். சின்னப் பிள்ளைகளுக்காகவே கட்டிய ஓட்டல். வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்குச் சிவப்புச் சட்டை போட்ட கரடி. ஒவ்வொரு அறையும் ஒரு பொம்மை மாதிரி. கார் ரூம், கப்பல் ரூம், மூன்றாம் மாடியில் ரயில் ரூம். ஊரில் எல்லோரும் பொம்மை ஓட்டல் என்றே சொல்கிறார்கள். நான் அதில் அஸ்திவாரம் தோண்டின நாளிலிருந்து நிமிந்தாள் வேலை பார்த்தேன். கொத்தனாருக்குக் கல்லும் கலவையும் தூக்கிக் கொடுக்கிற வேலை.

என் கூட்டாளி சுடலைராஜ் விழுந்தது ரயில் ரூம் சன்னலுக்கு வெளியே இருந்த சாரத்திலிருந்துதான். கலவைச் சட்டியை நான் நீட்டினேன். அவன் வாங்கினான். வாங்கின கையோடு போய்விட்டான். அதற்குப் பிறகு எனக்கு ஏணியில் நாலாவது படிக்கு மேல் கால் நிற்கவில்லை. தொடையிலிருந்து பாதம் வரை நடுங்கும். மேஸ்திரி பார்த்தும் பார்க்காத மாதிரி என்னைக் கீழே கலவை குழைக்க விட்டார். கட்டிடம் முடிந்தால் அடுத்த வேலையில் என்னைக் கூப்பிட மாட்டார் என்று எனக்குத் தெரியும். மண்ணில் நின்று பார்க்கிற வேலை ஏதாவது கிடைத்தால்தான் இனி எனக்குப் பிழைப்பு.

"வெள்ளிக்கிழமை திறப்பு விழா. சிங்கப்பூர்லருந்து எம் பேரப்பிள்ளைய வருதுக. ரயில் ரூம்லதான் படுப்போம்னு ஒத்தக் கால்ல நிக்குதுக," என்றார் அந்த அம்மா. "கோடாங்கிட்ட குறி கேட்டேன். அதுக்கு முன்னால ரெண்டு பிள்ளைய அங்கன சிரிச்சு விளையாடி, படுத்து எந்திரிச்சுப் போகணுமாம். கோழியெல்லாம் இதுக்குக் காணாதாம். வேத்துப் பிள்ளையா இருக்கட்டும்னாரு."

வேற்றுப் பிள்ளை என்று என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். பக்கத்தில் மேனேஜர் நல்லக்கண்ணு அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணும் ஆகாது. ஆகுறதா இருந்தா நான் சொல்லுவனா?"

ஒன்றும் ஆகாது என்றால் பேரப்பிள்ளைகளையே படுக்க வைக்கலாமே. அந்தப் பேச்சு தொண்டை வரைக்கும் வந்தது. வாய் திறப்பதற்குள் அவர் அடுத்ததைச் சொல்லிவிட்டார்.

"ஒனக்குக் கால் நடுங்குதாம்லா. நல்லக்கண்ணு சொன்னாரு. திங்கக்கிழமையிலருந்து நீ இங்கனயே இரு. தோட்டத்துக்குத் தண்ணி விடணும், மோட்டார் பாக்கணும். மாடி ஏறுத வேலையே கெடையாது. என்ன சொல்லுத?"

"சரிம்மா," என்றேன்.

"பொண்டாட்டிகிட்ட இதயெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத."

"சரிம்மா."

ஓட்டலில் ஒரு ராத்திரி தங்கப் போகிறோம் என்று மட்டும் வீட்டில் போய்ச் சொன்னேன். என் பெண்டாட்டி சுதாராணி இதே முதலாளியின் தீப்பெட்டி ஆபீஸில்தான் வேலை பார்க்கிறாள். நம்பவில்லை.

"நம்மளையா? அந்த அம்மா எம் மூஞ்சிய ஒரு நாளும் நிமிந்து பாத்ததில்லையே!"

"திறக்கதுக்கு முன்னால ஒரு குடும்பம் தங்கிப் பாக்கணுமாம். குழாய்ல தண்ணி வருதா, ஏ.சி. ஓடுதான்னு."

"அதுக்கு நீங்க ஒருத்தரு போதாதா?"

"பிள்ளைய இருக்கணுமாம். அங்கன எல்லாம் பிள்ளையளுக்குத்தான."

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "செஞ்ச வேலைய மறக்கல பாருங்க, அந்த மட்டும் நல்லவியதான்," என்றாள். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எதிர்வீட்டில் ஒரு தோள்பை இரவல் வாங்கி வந்தாள். பொங்கலுக்கு எடுத்த உடுப்பைத் துவைத்து, சொம்பில் கங்கு போட்டுத் தேய்த்தாள். ஏழு வயது ஐஸ்வர்யா பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி, அங்கே ஒருத்தி "பொய் சொல்லாதட்டி" என்று கிள்ளிவிட்டாள் என்று அழுதுகொண்டு வந்தாள். சின்னவன் பாண்டியராஜனுக்கு நாலு வயது. அவனுக்கு ஓட்டல் என்றால் புரோட்டா. "புரோட்டாக் கடையில படுக்கப் போறோம்," என்று ஆட்டுக்குட்டிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

புதன்கிழமை மத்தியானம் போனோம். முதல் நாள் பெய்த மழையில் செருப்போடு கரிசல் அப்பியிருந்தது. நல்லக்கண்ணு அண்ணாச்சி ஓடி வந்தார்.

"ஏலே, ஏலே, அங்கனயே நில்லுங்க. செருப்ப வெளிய விட்டுட்டுக் காலக் கழுவிட்டு வாங்க. தரை வெள்ளைத் தரை."

"வெள்ளையா இருக்கும்னு எனக்குத் தெரியாதா அண்ணாச்சி, தேய்ச்சது நான்தான," என்றேன். அவர் சிரிக்கவில்லை. பிள்ளைகளைப் பார்ப்பதைத் தவிர்த்தார்.

பாண்டி கரடியைப் பார்த்து என் காலுக்குப் பின்னால் ஒளிந்தான். பிறகு அதன் பெருவிரலைத் தொட்டுப் பார்த்தான். பிறகு அந்தக் காலைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றான்.

"அப்பா, இத நீங்கதான் கட்டுனீங்களா?" என்றாள் ஐஸ்வர்யா.

"ஆமா."

"கரடியையுமா?"

"கரடிய லாரியில கொண்டாந்தாவ."

"அப்ப மத்ததெல்லாம் நீங்கதான்," என்று முடிவு செய்துவிட்டாள். லிப்டில் ஏறும்போது வேலைக்கு நின்ற ஒரு பெண்ணிடம், "எங்கப்பா கட்டுனது," என்றாள்.

ரயில் ரூமை நான் சிமெண்டாகத்தான் பார்த்திருந்தேன். இப்போது கட்டில் ஒரு ரயில் எஞ்சின். அதற்குப் பின்னால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மெத்தை. மேல் பெட்டியிலிருந்து சறுக்கிக்கொண்டு கீழே வரலாம். மேலே விட்டத்தை ஒட்டி ஒரு தண்டவாளம் போட்டு அதில் கையளவு ரயில் ஒன்று கூவிக்கொண்டு சுற்றி வந்தது. ஒரு மூலையில் கூடை கூடையாகப் பொம்மைகள்.  பிள்ளைகளுக்கு எதை முதலில் தொடுவது என்று தெரியவில்லை. பிறகு கத்தினார்கள் பாருங்கள், கீழே தோட்டம் வரைக்கும் கேட்டிருக்கும்.

சன்னலுக்கு டிக்கெட் கொடுக்கிற இடம் மாதிரி மஞ்சள் பலகை அடித்திருந்தார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. சுதா போய்த் திறந்தாள்.

"நல்ல காத்து வருதுல்லா." எட்டிக் கீழே பார்த்தாள். "எம்மா, எம்புட்டு ஒசரம்!" பிறகு பிள்ளைகளுக்குக் கேட்காமல் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள். "சுடலை அண்ணன் எங்கன விழுந்தாவ?"

"அந்தப் பக்கம்," என்று குளியலறைப் பக்கமாகக் கையைக் காட்டினேன்.

"பாவம்," என்றாள். சன்னலில் கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் காற்று வாங்கினாள்.

சாயங்காலம் கல்யாணசுந்தரி அம்மா வந்தார். பழமும் மிட்டாயும் கொண்டு வந்தார். ஆனால் அறைக்குள் வரவில்லை. நிலைக்கு வெளியிலேயே நின்றார்.

"உள்ள வாங்கம்மா. உக்காருங்க," என்று சுதா நாற்காலியை முந்தானையால் துடைத்தாள்.

"இருக்கட்டும், இருக்கட்டும். பிள்ளைய சிரிச்சு விளையாடுதாகளா?"

"வந்ததுலருந்து சிரிப்புத்தாம்மா."

"நல்லாச் சத்தமாச் சிரிங்க பிள்ளையளா. அந்த மூலைல போய்ச் சிரிங்க. ஆங். இப்ப இந்த மூலை. தம்பி, சன்னல்கிட்டப் போய் நின்னு சிரி, பாப்போம்."

பிள்ளைகள் அதையும் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மூலையிலும் நன்றாகச் சிரித்தார்கள். சன்னலுக்குப் போனபோது பாண்டிக்குச் சலித்துவிட்டது. உட்கார்ந்துவிட்டான்.

"நல்லக்கண்ணு, போய்க் கிச்சுகிச்சு மூட்டும்," என்றார் அந்த அம்மா.

நல்லக்கண்ணு அண்ணாச்சியும் நிலையைத் தாண்டவில்லை. என்னைப் பார்த்தார். நான்தான் போனேன். மஞ்சள் பலகைக்குக் கீழே என் மகனைக் கிடத்தி, விலாவில் விரலை விட்டு, அவனுக்கு மூச்சு முட்டும் வரை சிரிக்க வைத்தேன். "போதும்ப்பா, போதும்ப்பா," என்றான். அந்த அம்மா போதும் என்று தலையசைக்கும் வரைக்கும் விடவில்லை.

அவர்கள் போன பிறகு சுதா, "என்ன பாசம் பாருங்க," என்றாள்.

ராத்திரியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் தூங்கினார்கள். நான் தூங்கவில்லை.

காலையில் பாண்டிக்கு உடம்பு சுட்டது. கரடி முகம் மாதிரி தோசை வார்த்துக் கொடுத்தார்கள், தொடவில்லை. சிணுங்கிக்கொண்டே இருந்து, வாந்தி எடுத்தான். ஏ.சி. குளிராக இருக்கும். ராத்திரி தின்ற ஐஸ்கிரீமாக இருக்கும். இப்படி எனக்கு நானே பத்துத் தடவை சொல்லிக்கொண்டேன். 

சுதாவுக்குச் சந்தேகமே இல்லை.

"கண்ணு பட்டுட்டு. எல்லாம் என் வாயால வந்தது. தெருவெல்லாம் தம்பட்டம் அடிச்சேம்லா. எவ வயிறு எரிஞ்சாளோ."

கீழே அடுப்படிக்குப் போய்க் கல்லுப்பும் மிளகாய் வற்றலும் கேட்டு வாங்கினாள். கரடி நிற்கிற வாசலில் குனிந்து ஒரு பிடி மண் எடுத்தாள். ரயில் ரூம் நிலைவாசலில் பிள்ளைகள் இரண்டு பேரையும் கிழக்கே பார்க்க நிறுத்தி, தலையைச் சுற்றி மூன்று தடவை இறக்கினாள். ஊர்க்கண்ணு உறவுக்கண்ணு என்று முணுமுணுத்து, கைக்குள் மூன்று தடவை துப்பச் சொன்னாள். ஐஸ்வர்யா துப்பினாள். பாண்டி அவள் முகத்திலேயே துப்பினான்.

நான் தடுத்திருக்கலாம். இது வேறு இடம், இங்கே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பாள். சொல்லவில்லை. அவள் எதை நினைத்து இறக்கினாளோ தெரியாது, நான் வேறொன்றை நினைத்துக்கொண்டு அவள் கையையே பார்த்து நின்றேன். எனக்கும் அது வேண்டியிருந்தது.

அடுப்படிக்குப் பின்னால் ஒரு தகரத் தட்டில் தேங்காய் நாரைப் போட்டு அதை எரித்தாள். மிளகாய் கருகிச் சாம்பலானது. நெடி வரவில்லை. ஒரு தும்மல் இல்லை, ஒரு இருமல் இல்லை.

"பாத்தீங்களா?" என்றாள். கண்ணு பட்டிருந்தால் நெடி வராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. "இம்புட்டுக்கூடக் கமறல. எம்புட்டு இருந்திருக்கு பாருங்க பிள்ளைய மேல! அம்புட்டும் எறங்கிட்டு."

அரைமணி நேரத்தில் பாண்டி எழுந்து இரண்டு இட்லி தின்றான். மறுபடி சறுக்க ஆரம்பித்தான்.

பத்து மணிக்கு நாங்கள் கிளம்பிக் கரடிப் பக்கம் நின்றபோது கல்யாணசுந்தரி அம்மாவின் கார் வந்தது. இறங்கி, எட்ட நின்றே பிள்ளைகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ராத்திரி பயந்து எந்திரிச்சாகளா?"

"இல்லம்மா," என்றேன்.

சுதா சும்மா இருக்கவில்லை. தன்னை ஒரு ஆளாக மதித்துத் தங்க வைத்த அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னாள். "காலைல சின்னவனுக்கு மேலுக்கு முடியாம ஆயிட்டும்மா. கண்ணுதான். நம்ம ரூம் வாசல்லயே வச்சுச் சுத்தி எறக்கிட்டேன். இப்ப பாருங்க, துள்ளுதான்."

அந்த அம்மாவின் முகம் மாறியது. "எங்கன வச்சு எறக்குன?"

"மேல, ரயில் ரூம் வாசல்லதான்."

"மண்ணு?"

"இந்தா, இங்கனதான் எடுத்தேன்."

"நெடி வந்துச்சா?"

"கொஞ்சங்கூட இல்லம்மா!" என்றாள் சுதா, பெருமையாக.

"அடிப்பாவி," என்றார் அந்த அம்மா. "எறக்கி இங்கனயே போட்டுட்டியாட்டி?" பிறகு என் பக்கம் திரும்பினார். "இவகிட்ட நீ சொல்லலயா?"

"என்னத்தச் சொல்லல?" என்று சுதா கேட்டாள்.

 அந்த அம்மாவே சொன்னார்.

"செத்தவன் விழுந்தது அந்த ரூம் சன்னல்லருந்து. அது பிள்ளைய மேல ஏறி வெளிய போகட்டும்னுதான ஒங்களக் கூட்டியாரச் சொன்னேன். நீ அம்புட்டையும் எறக்கி எம் வாசல்ல வச்சுட்டு, வெறும் பிள்ளையளக் கூட்டிட்டுப் போறியே! நாளைக்கு எம் பேரப்பிள்ளைய அங்கன படுக்கணும்ட்டி!"

சுதா அந்த அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

நான் கரடியின் சிவப்புச் சட்டையைப் பார்த்தேன். அதில் ஒரு பித்தான் காணவில்லை.

கல்யாணசுந்தரி அம்மா போனை எடுத்துக் கோடாங்கியிடம் பேசினார். "ஆமா... ஆமா... சாம்பல் இருக்கும்... சரி," என்றார். நல்லக்கண்ணு அண்ணாச்சியை அனுப்பி அந்தத் தகரத் தட்டை எடுத்துவரச் சொன்னார். அவர் அதை உடம்பில் படாமல் எட்டப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"கழிச்ச சாம்பல எடுத்து ரெண்டு பேரு நெத்தியிலயும் பூசணும். பெத்த தகப்பன் கையால பூசணுமாம், அப்பத்தான் திரும்ப ஏறுமாம். பூசிட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிரணும்." என்னைப் பார்த்துச் சொன்னார். "பூசிட்டன்னா திங்கக்கிழமை வேலைக்கு வா. இல்லன்னா மேஸ்திரிகிட்டயே போ. ஓட்டப்பிடாரத்துல தண்ணித் தொட்டி கட்டுதாராம். அறுபது அடி."

சுதா பிள்ளைகளை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சும்மா சாம்பல்தானம்மா," என்றார் நல்லக்கண்ணு அண்ணாச்சி சுதாவிடம். "அந்த அம்மா மனசுக்காக. சாம்பல் என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாதுல்லா? அப்ப ஒங்க பிள்ளை நெத்தியில பூசுங்க அண்ணாச்சி. நான் எம் பிள்ளையளுக்குப் பூசுதேன்," என்றாள் சுதா.

அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

நான் எடுத்தேன். இன்னும் சூடு இருந்தது. அறுபது அடி உயரத்துச் சாரம் கண்ணுக்கு முன்னால் வந்தது. கால் இப்போதே ஆடியது. ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொன்னேன். ஒன்றும் ஆகாது என்று நிஜமாக நம்பியிருந்தால் காலையில் அவள் இறக்கும்போது அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க மாட்டேன். அதுவும் எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் இரண்டு எட்டு வைத்தேன்.

"கிட்ட வராதீங்க," என்றாள் சுதா.

ஐஸ்வர்யா அவள் கைக்குள்ளிருந்து நழுவி வெளியே வந்தாள். பெரியவர்கள் பேசினதில் அவளுக்கு என்ன விளங்கியதோ. கோவிலில் நிற்கிற மாதிரி கையைக் கூப்பி, கண்ணை மூடி, நெற்றியை எனக்கு வாகாகத் தூக்கிக் காட்டினாள். பூசினேன். கண்ணில் விழாமல் இருக்க நான் ஊதுவேன் என்று காத்துக்கொண்டு நின்றாள். ஊதவில்லை. ஊதினால் போய்விடும்.

"எனக்கு?" என்றான் பாண்டி. "அப்பா, எனக்கு? அக்காளுக்கு மட்டும் வச்சீங்க!" திமிறினான். காலை உதைத்து அழுதான். சுதா பிடித்திருந்த கையை விட்டாள். ஏன் விட்டாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அவன் ஓடி வந்து என் முன்னால் நின்றான். தட்டில் சாம்பல் அவ்வளவாக இல்லை. நகத்தால் சுரண்டி எடுத்து அவனுக்குப் பூசினேன். "இன்னும்," என்றான்.

"இப்பத்தான் மனசு நெறஞ்சிருக்கு," என்றார் கல்யாணசுந்தரி அம்மா. "நல்லக்கண்ணு, பிள்ளைய தொட்டு விளையாடுன சாமான் எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் குடுத்துரும். ஒண்ணும் இங்கன கெடக்க வேண்டாம்."

பை நிறையப் பொம்மை வந்தது. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. ஐஸ்வர்யா அந்த அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிடப் போனாள். அந்த அம்மா பின்னால் நகர்ந்து, காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் சுதா முந்தானையை எச்சில் தொட்டு இரண்டு பேர் நெற்றியையும் துடைத்தாள். சாம்பல் போன பிறகும் துடைத்தாள். தோல் சிவந்துவிட்டது. "வலிக்கும்மா," என்று பாண்டி அழுதான். ஐஸ்வர்யா பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, அடுத்த லீவுக்கும் வரலாமா?" என்றாள்.  

கோவில்பட்டி பஸ் வந்து நின்றது. படி உயரமாக இருந்தது. பாண்டியைத் தூக்கி ஏற்றிவிடக் கையை நீட்டினேன்.

"திங்கக்கிழமை வேலைக்குப் போங்க," என்றாள் சுதா. கோபமாகச் சொல்லவில்லை. தினமும் காலையில் பேசுகிற குரலில்தான் சொன்னாள். "சோறு கெட்டித் தாரேன். எம் பிள்ளையளத் தொடாதீங்க."

அவளே இரண்டு பேரையும் ஏற்றினாள். நான் பின்வாசல் வழியாக ஏறினேன். முன்னால், பெண்கள் உட்காருகிற இடத்தில், பாண்டி அவள் தோளுக்கு மேலே எழும்பிப் புது எஞ்சினைத் தூக்கிக் காட்டி என்னைக் கூப்பிட்டான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் கோவில்பட்டி வரைக்கும் கூப்பிட்டான்.